டோனி அயோமியின் கிட்டார் ஏன் அவ்வளவு கனமாக ஒலிக்கிறது?

ஹெவி மெட்டல் பழக்கமில்லாதவர்களிடம் அது என்ன இசை என்று கேட்டால், காது கிழியும் சத்தம் என்பார்கள். பாதி சரி. ஆனால் சத்தமாக வாசிக்க யாராலும் முடியும், ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருப்பினால் போதும். 1960களின் கடைசியில் த ஹூ, க்ரீம், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்று இங்கிலாந்து மேடைகளில் பலர் ஏற்கெனவே கூரை அதிர வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1970 பிப்ரவரியில் பர்மிங்காமைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் முதல் ஆல்பம் வந்தபோது அதில் இருந்தது வேறொன்று. குழுவின் பெயர் பிளாக் சாபத், கிட்டார் வாசித்தவர் டோனி அயோமி. அந்த ஆல்பத்தைப் பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்தாலும் கிட்டார் கனமாகவே இருக்கும். அந்தக் கனத்தை அவர் எதையெல்லாம் வைத்துக் கட்டினார் என்று பார்க்கலாம். மேற்கத்திய இசை இலக்கணம் தெரிய வேண்டாம், சரிகமபதநி தெரிந்தால் தாராளம்.

அயோமி பிறந்தது 1948 பிப்ரவரி 19, பர்மிங்காமில். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். பெற்றோர் ஆஸ்டன் பகுதியில் கடை வைத்திருந்தார்கள். பையனுக்கு டிரம்ஸ் மேல்தான் ஆசை. வீட்டில் அந்தச் சத்தத்துக்கு இடமில்லை, அக்கார்டியன்தான் கிடைத்தது. அப்புறம் கிட்டாருக்கு வந்தார். இடதுகைக்காரர் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இடதுகை விரல்களால் தந்தியை அழுத்தி வலதுகையால் மீட்டுவார்கள். இவருக்கு நேர்மாறு, அழுத்துவது வலதுகை.

17 வயதில் ஓர் உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலை. ஜெர்மனிக்குக் கச்சேரி செய்யப் போகவிருந்த ஒரு குழுவில் இடம் கிடைக்கவே வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. அம்மாதான் வேலையை முறையாக முடித்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்தார். அன்றைக்கு ஒரு தொழிலாளி வராததால், பழக்கமே இல்லாத ஒரு பிரஸ் மெஷினில் இவரை நிறுத்தியிருந்தார்கள். மெஷின் வலதுகை மேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. தந்தியை அழுத்தும் கை.

மனம் உடைந்து கிடந்தவரைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் கையோடு ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. கேட்க மறுத்தவரை வற்புறுத்திக் கேட்க வைத்துவிட்டு, இதை வாசித்தவருக்கு இடதுகையில் இரண்டு விரல்கள் சரியாக வேலை செய்யாது என்று சொன்னார். 1928இல் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் ஜாங்கோவின் விரல்கள் முடங்கிப்போயின. மீதி விரல்களை வைத்துக்கொண்டுதான் ஐரோப்பிய ஜாஸ் கிட்டாரின் பெரிய பெயராக ஆனார்.

அயோமி தனக்கான விரல் நுனிகளைத் தானே செய்துகொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயனால் துளை போட்டு, விரலில் பொருந்தும்வரை தேய்த்து, மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டினார். தோல் இல்லையென்றால் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கும். இந்தத் தொப்பிகளோடு வாசிப்பதில் ஒரு பெரிய சங்கடம், அந்த இரண்டு விரல்களுக்கும் தந்தி தட்டுப்படாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தடித்த தந்திகளை அழுத்துவது வேதனையாக இருந்தது, மெல்லிய கிட்டார் தந்திகளோ அப்போது கடையில் கிடைக்கவில்லை. ஆகவே பாஞ்சோ தந்திகளை வாங்கிக் கிட்டாரில் மாட்டினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிப்பார்கள்: விரல் போனது, வலி தாங்காமல் தந்தியைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது, அதனால் ஹெவி மெட்டல் பிறந்தது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. விபத்து நடந்தது 1965இல். தந்தியைத் தளர்த்திப் பதிவு செய்தது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். நடுவில் வந்த இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. 'அயர்ன் மேன்', 'வார் பிக்ஸ்', 'பாரனாய்டு' எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இவற்றைக் கனமில்லாத பாட்டு என்று யார் சொல்வார்கள்?

பர்மிங்காமின் தொழிற்சாலை இரைச்சல்தான் இந்த இசையாக மாறியது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. அந்த ஊர் ஒருவரை எப்படி வளர்த்தது என்பதற்கு வேண்டுமானால் சரி. அதே ஊரிலிருந்து அதே காலத்தில் வந்த மூடி ப்ளூஸ் ஆர்கெஸ்ட்ராவோடு மென்மையாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், த மூவ் துள்ளலான பாப் வாசித்தார்கள். ஆலைச் சங்கு அவர்கள் காதிலும்தான் விழுந்திருக்கும். ஊரையும் விபத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கிட்டாரிலிருந்து என்ன வருகிறது என்று கேட்பதே எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் பாட்டின் பெயரும் ஒன்றுதான். மழை, தூரத்தில் கோயில் மணி, அதன் மேல் கிட்டார் இறங்குகிறது. மொத்தம் மூன்றே சுரங்கள். இப்படித் திரும்பத் திரும்ப வந்து பாட்டையே தாங்கும் சின்னச் சுரக்கோவைக்கு ரிஃப் என்று பெயர். இந்த ரிஃப்பை நம் கணக்கில் சொன்னால் ச, மேல் ஸ்தாயி ச, அதிலிருந்து இறங்கி பிரதி மத்தியமம். அவ்வளவுதான். குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கீஸர் பட்லருக்கு, கிரகங்களைப் பற்றி ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய ஆர்கெஸ்ட்ரா இசையில் செவ்வாய்ப் பகுதி மிகவும் பிடிக்கும். ஒத்திகையில் அதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் அயோமி இந்த மூன்று சுரங்களோடு வந்தார்.

சட்ஜமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை மேற்கே ட்ரைடோன் என்பார்கள். ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் இடம் அது. இடைக்காலத் திருச்சபை இதைச் சாத்தானின் சுரமென்று தடை செய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்றெல்லாம் இணையத்தில் படித்திருப்பீர்கள். தடைக்கோ தண்டனைக்கோ ஆதாரம் கிடையாது. பாடக் கடினம், காதுக்குக் கரடுமுரடு என்பதால் தவிர்த்தார்கள். சாத்தானின் பெயர் இசை நூல்களில் இதோடு ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். கல்யாணியில் இதே ச–ம இடைவெளி நாள் முழுக்க வருகிறது, யாரும் பயந்து ஓடுவதில்லை. அங்கே மத்தியமத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சமம் இருக்கிறது, சுரம் போய் அமர இடம் உண்டு. அயோமியோ ச-வை ஊன்றி நிறுத்திவிட்டு, பஞ்சமத்தில் அமராமல், ம-வில் கொண்டுபோய் விட்டு அங்கேயே சுரத்தை நடுங்க வைக்கிறார். மனசு அடுத்த சுரத்துக்குக் காத்திருக்க, மறுபடி ச-வே வருகிறது. பயத்துக்கு இந்த இடைவெளி மட்டும் காரணமில்லை, அதைத் தீர்க்காமல் தொங்கவிடுவதுதான் காரணம்.

ரிஃப் இவ்வளவு மெதுவாக நகர்வதற்கு அவருடைய டிஸ்டார்ஷனும் காரணம். ஆம்ப்ளிஃபையரால் தாங்க முடிந்ததைவிட அதிகமான சிக்னலை உள்ளே அனுப்பினால், அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, மூலச் சுரத்தில் இல்லாத மேல்சுரங்கள் நிறையப் பிறக்கின்றன, அதுதான் நாம் கேட்கும் கரகரப்பு. இன்னொன்று, தந்தியின் அதிர்வு குறைந்துகொண்டே போனாலும் வெளியே வரும் ஒலி வெகு நேரத்துக்குக் குறைவதில்லை. சாதாரணக் கிட்டாரில் இப்படி மெதுவாக வாசித்தால் சுரங்களுக்கு நடுவே ஓட்டை விழும். டிஸ்டார்ஷன் அந்த ஓட்டையை நிரப்புவதால் அயோமியால் அவசரப்படாமல் நிற்க முடிகிறது.

சரி, டிஸ்டார்ஷனில் எல்லாம் நன்றாக ஒலிக்குமா என்றால் இல்லை. பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதற்குக் கார்டு என்று பெயர். வழக்கமான கார்டில் ச, க, ப மூன்றும் இருக்கும். வெட்டுப்பட்ட அலையில் இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாகக் கூடவே வரும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளான ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிப்பவை. அதில் காந்தாரம் இயற்கையான இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழும். சாதாரணமாகக் காது அதை மன்னித்துவிடும். டிஸ்டார்ஷன் மன்னிக்காது, அந்தப் பிசகிலிருந்து பிறக்கும் புதுச் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். பஞ்சமமோ இயற்கையான இடத்துக்கு மிக அருகில் விழுகிறது. ஆகவே காந்தாரத்தை எடுத்துவிட்டு ச, ப மட்டும் வாசித்தால் எவ்வளவு டிஸ்டார்ஷன் போட்டாலும் தெளிவாக நிற்கும். இதைத்தான் பவர் கார்டு என்கிறார்கள்.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சட்ஜமத்தை 110 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் பஞ்சமம் சுமார் 165. இரண்டின் வித்தியாசம் 55, அதாவது அதே சட்ஜமத்தின் கீழ் ஸ்தாயி. கிட்டார் கலைஞர் வாசிக்காத ஒரு கீழ்ச் சட்ஜமத்தை ஆம்ப்ளிஃபையரே உண்டாக்கிக் கொடுக்கிறது. இரண்டு விரல் வைத்து வாசித்ததற்கு இலவச இணைப்பு.

பவர் கார்டை அயோமி கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் லிங்க் ரே 1958இலேயே 'ரம்பிள்' என்ற வாத்தியப் பாட்டில் வெளுத்து வாங்கியிருந்தார். 1964இல் த கிங்க்ஸ் அதை வைத்தே பெரிய ஹிட் கொடுத்தார்கள். விபத்து உண்மையில் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். நான்கு விரல் வேண்டிய பெரிய கார்டுகள் அயோமிக்குக் கஷ்டம், இரண்டு சுரக் கார்டுகள் சுலபம். மற்றவர்கள் எப்போதாவது எடுத்துப் பயன்படுத்திய ஒன்றை அவர் தன் முழுப் பேச்சுமொழியாக ஆக்கிக்கொண்டார். இரண்டே சுரம் ஒல்லியாகத் தெரியக்கூடாதென்று விரலால் அவற்றை அசைத்து அதிர்வு கொடுத்தார். விபத்து அவருக்குக் கிட்டாரின் ஒரு மூலையை மட்டும் மிச்சம் வைத்தது, அங்கே வீடு கட்டியது அவர்தான்.

கருவிகளிலும் எதிர்பாராத விஷயங்கள் இருக்கின்றன. முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அயோமி கொண்டுபோனது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். முதலில் பதிவு செய்த பாட்டு முடிந்ததும், தந்தியின் அதிர்வை மின்சார சிக்னலாக்கும் அதன் பிக்கப் பழுதாகிவிட, மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்தார். மீதி ஆல்பம் முழுக்க அதுதான், அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க எஸ்ஜிதான் அவர் அடையாளம். ஆம்ப்ளிஃபையர் உள்ளூர்க் கம்பெனியான லேனி. நடுவில் டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி. அது கூட்டுவது கீழ் ஒலிகளான பேஸை இல்லை, மேல் ஒலிகளான ட்ரெபிளை. இவ்வளவு கனமான ஒலிக்கு ட்ரெபிளைக் கூட்டுவானேன்? டிஸ்டார்ஷனுக்குள் பேஸ் அதிகமாகப் போனால் சேறாகிவிடும். மேல் அலைவரிசைகளைத் தூக்கி அனுப்பினால் ஒவ்வொரு மீட்டலும் விளிம்போடு வெளியே வரும். கீழ்ப்பக்கத்தைப் பட்லர் பார்த்துக்கொள்வார்.

பட்லர் பார்த்துக்கொண்ட விதமும் கவனிக்க வேண்டியது. அவர் முதலில் கிட்டார் வாசித்தவர், இந்தக் குழுவுக்காகத்தான் பேஸுக்கு மாறினார். மற்ற ராக் குழுக்களில் பேஸ் தனியொரு வழியில் நடக்கும். இங்கே பல இடங்களில் அது ரிஃப்பையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறது. அயோமி தந்தியை வளைத்தால் இவரும் வளைக்கிறார். கிட்டாரின் கனம் என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு இந்த மனிதருடையது. அவருக்கு உரிய பேர் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

இப்போது 1971க்கு வரலாம். 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் சில பாடல்களில் அயோமி கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் மூன்று அரைச்சுரம், அதாவது ஸ்தாயியின் பன்னிரண்டு பாகத்தில் மூன்று, இறக்கினார். பட்லரும் கூடவே இறக்கினார். மிகத் தடித்த தந்தியின் சுருதி 82 ஹெர்ட்ஸிலிருந்து 69க்கு வந்தது. ஒரு தந்தியின் சுருதியை அதன் நீளம், எடை, இழுவிசை மூன்றும் தீர்மானிக்கின்றன. நீளத்தையும் எடையையும் மாற்றாமல் சுருதியை மட்டும் இறக்கினால் இழுவிசை அதைவிட வேகமாகக் குறையும், சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப. மூன்று அரைச்சுரம் இறக்கும்போது சுருதி 84 சதவீதமாகிறது என்றால் இழுவிசை 71 சதவீதத்துக்கு வந்துவிடும். காயம்பட்ட விரலுக்கு இது பெரிய ஆறுதல்தான். ஒலியிலும் மாற்றம் வந்தது. அவருடையவை ஏற்கெனவே மெல்லிய தந்திகள். தளர்த்தியதும் தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி ஆகிவிட்டன. ஓங்கி மீட்டினால் சுரம் முதலில் கொஞ்சம் மேலே எகிறிவிட்டு அப்புறம்தான் தன் இடத்துக்கு வரும். விரல் லேசாக அசைந்தாலே கமகம் போல வளையும். 'இன்டு த வாய்ட்' பாட்டின் தொடக்க ரிஃப்பில் சுரங்கள் ஊர்ந்து வருவது போலத் தோன்றுவது இதனால்தான்.

பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 1990களில் அமெரிக்காவின் கயஸ், ஸ்லீப் போன்ற குழுக்கள் கிட்டாரை இன்னும் கீழே இறக்கி ஒரு தனிக் கிளையையே வளர்த்தன. அவற்றைக் கேட்டால் சில சமயம் எனக்கு அலுப்புத் தட்டும். சுருதி இருக்கிறது, சாவதானம் இருக்கிறது, ஆனால் நினைவில் நிற்கும் ரிஃப் அயோமியிடம் வருவது போல வரிசையாக வருவதில்லை. 'பாரனாய்டு' ஆல்பத்தை நிரப்ப ஒரு பாட்டு குறைந்தபோது, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர் போட்ட ரிஃப்தான் அந்தத் தலைப்புப் பாட்டு. இங்கிலாந்துத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது.

அவரிடம் ரிஃப்புகள் அப்படி வந்ததற்கு ஒழுங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1968 டிசம்பரில் அயோமி கொஞ்ச நாள் ஜெத்ரோ டல் குழுவில் இருந்தார். அங்கே குழுத் தலைவர் இயன் ஆண்டர்சன் வேலை வாங்கும் விதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தன் நண்பர்களைக் காலை 9 மணிக்கு ஒத்திகைக்கு வரவைத்தார். கட்டுக்கடங்காத பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இருந்த குழுவில் இது சாதாரணச் சாதனை இல்லை.

மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979இல் ஓஸி விலக்கப்பட்டார். ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்தது. குரல் மாறியதும் கிட்டாரும் கொஞ்சம் வேகம் பிடித்தது. அப்புறம் இயன் கில்லன், டோனி மார்ட்டின் என்று பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லா ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் அயோமிதான். 2012இல் அவருக்கு லிம்ஃபோமா புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே ஓஸியோடும் பட்லரோடும் சேர்ந்து செய்த '13' ஆல்பம் 2013இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அவர்களுக்கு முந்தைய முதலிடம் 1970இன் 'பாரனாய்டு'. 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே இந்தக் குழுவின் இசையை வைத்து ஒரு பாலே நாடகமே போட்டது. 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஓஸி காலமானார்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் முதலில் 'பிளாக் சாபத்' பாட்டு, மூன்று சுரங்களுக்காக. அடுத்து 'அயர்ன் மேன்', பவர் கார்டுகளுக்காக. மூன்றாவதாக 'இன்டு த வாய்ட்', தளர்ந்த தந்திக்காக. இடையில் மூச்சு வாங்க 1972ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து 'லகூனா சன்ரைஸ்', கனமே இல்லாத அழகான அக்கூஸ்டிக் கிட்டார். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டாலும் ஏமாற்றமிருக்காது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 69 ஹெர்ட்ஸை ஒலிக்கவே முடியாது. ஆனால் டிஸ்டார்ஷன் பிறப்பித்த மேல்சுரங்கள் வருகின்றன, அவற்றை வைத்து மூலச் சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். முடிந்தால் அதே பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் இன்னொரு தடவை கேளுங்கள், கீஸர் பட்லர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.